வாசகர் கேள்விகள்: படகுக்காரர் கண்ணுக்குத் தெரிகிற மிதவை

(நீலாங்கரையில் பல ஆண்டுகளாக ஸ்கூபா கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் பதில் அளிக்கிறார்.)

ஸ்கூபா பயிற்சி முடித்துவிட்டேன். சொந்தமாக எஸ்.எம்.பி. மிதவை (நீருக்குள்ளிருந்தே காற்று நிரப்பி மேலே விட்டு, நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் நீண்ட பை) வாங்கப் போனால் கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று ஒரு மீட்டர் நீளம், மடித்தால் பாக்கெட்டில் அடங்குகிறது. மற்றது ஒன்றேமுக்கால் மீட்டர், விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதை வாங்கட்டும் மேடம்? – வாசகர், வேளச்சேரி

பெரியதை. பாக்கெட்டில் அடங்குவது கைக்குட்டைக்கு இருக்க வேண்டிய குணம்.

என் முதல் மிதவையும் பாக்கெட்டில் அடங்கியதுதான். கோவளத்துக்கு வெளியே ஒரு நாள், நீரோட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. மேலே வந்து பார்த்தால் படகு சுமார் 300 மீட்டர் தள்ளி நிற்கிறது. அலைமேட்டில் ஏறும்போது படகின் மூக்கு தெரிகிறது, இறங்கினால் வானம் மட்டும். நாற்பது நிமிடம் இப்படியே ஏறி இறங்கினோம். எனக்குப் படகு தெரிந்தது, படகுக்கு நான் தெரியவில்லை. கடைசியில் வந்து ஏற்றிக்கொண்ட படகோட்டி அண்ணன், அந்த ஆரஞ்சு நிறத்தை முதலிலேயே பார்த்தாராம். பிளாஸ்டிக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் கடலில் அதுதான் அதிகம் மிதக்கிறது.

அடுத்த வாரம் நான்கு மிதவைகளை இரவல் வாங்கி, நங்கூரம் கட்டிக் கடலில் வரிசையாக நிறுத்தினேன். அண்ணனோடு ஃபைபர் படகில் ஏறி மெல்ல விலகிப் போய், எது முதலில் மறைகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தேன். குட்டையானது முதலில் போனது. அடுத்துப் போனது நீளத்தில் அடுத்த குட்டையல்ல, ஒல்லியானது. நீளத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. கடைக்காரர் சொல்லும் அகலம், காற்றில்லாமல் தட்டையாக வைத்து அளந்தது. ஊதியதும் அது உருளையாகிவிடும். அப்போது விட்டம் அந்த அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 15 செ.மீ. என்று விற்பது நீரில் ஒன்பதரை செ.மீ. குழாய்தான். அதிலும் அடிப்பகுதி தண்ணீருக்குள் இருக்கும். எனவே தட்டையாக 18 செ.மீ.க்குக் குறையாமல், ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். பி.சி.டி. என்கிற மிதப்பு ஜாக்கெட்டின் பின்பக்கம் ரப்பர் பட்டையில் செருகிக்கொள்ளலாம்.

அடி திறந்திருக்கும் வகை நல்லதா, மூடிய வகையா? – வாசகி, அடையாறு

மூடியது. திறந்த வகையில் காற்று நிரப்புவது சுலபம். கீழ்வாயில் ஆக்டோபஸை, அதாவது உபரி மூச்சுக் கருவியை, வைத்து அழுத்தினால் போதும். ஆனால் மேலே போனபின் கயிறு தளர்ந்தால் மிதவை சாய்ந்து, வந்த வழியே காற்றைக் கொட்டிவிடும். மேலே வருவதற்கு முன் பாதுகாப்புக்காக நீங்கள் ஐந்து மீட்டரில் நின்று சமர்த்தாக மூன்று நிமிடத்தை எண்ணிக்கொண்டிருக்க, மேலே அது செத்த பாம்பாகக் கிடக்கும்.

மூடிய வகையில் வாயால் ஊதும் குழலும், காற்று மிகுந்தால் தானாக வெளியேற்றும் வால்வும் இருக்கும். இரண்டையும் கடையிலேயே ஊதிப் பாருங்கள். அந்த வால்வில் மணல் சிக்கினால் மூடாது, மிதவை மெல்லச் சூம்பிவிடும்.

பத்து மீட்டர் ஆழத்திலிருந்து மிதவையை மேலே விட்டபோது அது என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பயந்துவிட்டேன். என்ன தவறு செய்தேன்? – வாசகர், தாம்பரம்

நீங்கள் சொல்லாமல் விட்டதை நானே சொல்கிறேன்: மிதவைக் கயிறு சுற்றிய ஸ்பூலை ஜாக்கெட்டில் மாட்டியிருந்தீர்கள். இல்லையென்றால் சிக்கிய கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டில் ஒன்று.

ஒன்றேகால் மீட்டர் நீளம், உண்மையான விட்டம் 15 செ.மீ. உள்ள மிதவையில் சுமார் 22 லிட்டர் காற்று பிடிக்கும். அது ஏறக்குறைய 22 கிலோவைத் தூக்கும். தண்ணீருக்குள் எடை சமன் செய்து நிற்கும் மனிதரைத் தூக்க அதில் கால்வாசி கூட வேண்டாம். அவசரமாக மேலே வந்தால் நுரையீரலில் காற்று விரியும், ரத்தத்தில் குமிழ் உண்டாகும். மிதவைக்கு இதெல்லாம் தெரியாது.

பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. பாதி நிரப்பினால் மேலே போய்ச் சேர்வதற்குள் அது முழுதாகிவிடும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு போதும். கீழேயே முழுதாக நிரப்பியிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

நான் கற்றுக்கொடுக்கும் வரிசை இது. முதலில் மிதப்பைச் சமன் செய்து ஓரிடத்தில் அசையாமல் நில்லுங்கள். அது வரவில்லையென்றால் மிதவையைத் தொடாதீர்கள். தலைக்கு மேலே இன்னொரு முக்குளிப்பவரோ படகோ இருக்கிறதா என்று பாருங்கள். மிதவையைப் பிரித்துக் கயிற்றை மாட்டுங்கள். ஒரு மூச்சு ஊதி அதை நிமிர்த்துங்கள். ஸ்பூலின் ஓட்டையில் விரலை விடாமல், கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் லேசாகப் பிடித்து, கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டுங்கள். மீதிக் காற்றைக் கொடுங்கள், விடுங்கள். ஸ்பூல் பம்பரமாகச் சுழலும். சிக்கினால் ஸ்பூலையே விட்டுவிடுங்கள். இருபது மாணவர்களில் பதினெட்டுப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று கை இறுகுகிறது. எனக்கும் இறுகியிருக்கிறது.

ஊதும்போது, மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர் வாயில் இல்லாத அந்த நேரத்தில் மூச்சை அடக்காதீர்கள். மிதவைக்குள் போகாத காற்று சிறு குமிழாக வெளியேறிக்கொண்டே இருக்கட்டும்.

நீச்சல்குளத்தில் பத்து முறை செய்யுங்கள். பிறகு கடலில் ஐந்து மீட்டரில். பத்து மீட்டர் அதற்கப்புறம்.

ரீலா, ஸ்பூலா? எத்தனை மீட்டர் கயிறு? – வாசகர், பெரம்பூர்

ஸ்பூல், 30 மீட்டர். கைப்பிடி வைத்த ரீல் சிக்கினால் பிரிப்பதற்குள் உங்கள் காற்று தீர்ந்துவிடும். கயிறு நேராக மேலே போகாது, நீரோட்டத்தில் சாயும். ஆகையால் ஆழத்தைவிட ஒன்றரை மடங்காவது நீளம் வேண்டும். பாரிமுனைக் கயிற்றுக்கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று சாதா நைலானைச் சுற்றிக் கொண்டுவந்தார் ஒரு மாணவர். முதல் நாளே இடியாப்பம். அடர்ந்து பின்னிய, பளிச்சென்ற நிறக் கயிறாக வாங்குங்கள்.

ஆரஞ்சா, மஞ்சளா, இளஞ்சிவப்பா? – வாசகி, மயிலாப்பூர்

பல இடங்களில் ஆரஞ்சோ சிவப்போ 'இங்கே இருக்கிறேன்' என்பதற்கு, மஞ்சள் 'உதவி வேண்டும்' என்பதற்கு. எல்லாருக்கும் பொதுவான சட்டம் இல்லை. இறங்குவதற்கு முன் உங்கள் படகோட்டியிடம் பேசி முடிவு செய்யுங்கள். சூரியனுக்கு எதிரே பார்க்கும்போது எல்லா நிறமும் கறுப்புதான் என்று அண்ணன் சொல்வார். அப்போது உதவுவது உருவமும் உயரமும்தான். மேல்முனையில் ஒளி திருப்பும் பட்டை இருந்தால் மாலையில் டார்ச் வெளிச்சத்துக்குப் பளிச்சிடும். ஒரு விசிலும் கட்டிக்கொள்ளுங்கள்.

மிதவையை மேலே விட்டதும் ஒரு மீன்பிடிப் படகு வந்து அதை இழுக்கத் தொடங்கிவிட்டது. இப்படிக்கூட நடக்குமா? – வாசகர், திருவான்மியூர்

நடக்கும். வலையின் முனையைக் காட்ட மீனவர்கள் மிதவையும் கொடியும்தான் போடுகிறார்கள். தனியாக நிற்கும் மிதவையைப் பார்த்தால், யாரோ ஒருவரின் வலை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது என்று எடுத்துக் கொடுக்க வருவார்கள். நல்லெண்ணம்தான். கயிற்றை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துக் காட்டுங்கள். அதற்கும் விடவில்லையென்றால் கயிற்றை விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ளவரின் மிதவைக் கயிற்றுக்குப் போங்கள். அதனால்தான் ஆளுக்கொன்று வேண்டும் என்கிறேன். எஞ்சின் ஓசை அடங்கும்வரை மேலே வராதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்தானே, அப்போது படகு இருக்காதே என்று நினைக்காதீர்கள். 61 நாளும் நிற்பவை விசைப்படகுகள். ஃபைபர் படகுகள் ஓடும். நீலமும் வெள்ளையுமான முக்குளிப்புக் கொடியைப் படகில் கட்டுவது சரிதான். ஆனால் அதற்குப் பொருள் தெரிந்தவர் எத்தனை பேர்? நாங்கள் இறங்கும் இடத்தை முந்தின நாள் மாலையே குப்பத்தில் போய்ச் சொல்லிவிடுகிறோம். டீக்கடையில் சொன்னால் போதும், விடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

எப்படிக் கழுவுவது? – அதே வாசகர்

ஈ.சி.ஆர். பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. மெட்ரோ தண்ணீர் ஒரு வாளி எடுத்து, மிதவையின் உள்ளேயும் கொஞ்சம் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்துவிடுங்கள். நிழலில் காயட்டும். ஸ்பூல் கயிற்றை முழுதாகப் பிரித்துக் காயவைத்துத் திரும்பச் சுற்றுங்கள். கைக்குழந்தையோ பூனையோ இல்லாத அறையில்.