அணைந்துபோன டவுன்லைட்டைக் குப்பையில் போடாதீர்கள்

கேள்வி: புது வீட்டின் ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்க 24 எல்.இ.டி. டவுன்லைட் வாங்கினோம். பெட்டியில் 2 ஆண்டு வாரண்டி. எட்டே மாதத்தில் 9 விளக்குகள் மினுக்கி மினுக்கி அணைந்துவிட்டன. எலக்ட்ரீஷியன் சரியாகப் பொருத்தவில்லை என்கிறார் கடைக்காரர். கடையில் கேளுங்கள் என்கிறது நிறுவனம். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, முதலில் அந்த 9 விளக்குகளையும் பத்திரப்படுத்துங்கள். இத்தகைய வழக்குகளில் பலர் தோற்பது, பழுதான பொருளை எலக்ட்ரீஷியன் கழற்றிப் போட்டுவிடுவதால்தான். ஒன்றையாவது கழற்றாமல் வைத்து, சீலிங் துளை வழியே டிரைவர் இருக்கும் நிலையைப் படமெடுங்கள். டிரைவர் என்பது கம்பியில் தொங்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி. காற்றோட்டமில்லாமல் அதைப் பஞ்சுக்குள் புதைத்தால் சூடேறிப் பழுதாகும். கடைக்காரர் சொல்லப்போவதும் அதுதான். டிரைவர் காற்றோட்டமாகக் கிடப்பதைப் படம் காட்டினால் அந்த வாதம் நிற்காது.

பிறகு விளக்கின் உடலைப் பாருங்கள். சீலிங்கில் பதிக்கும் எல்.இ.டி. விளக்குகளுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். எண்ணே இல்லையென்றால் உங்கள் கை இன்னும் ஓங்கும்.

பில்லில் அச்சிட்ட ஒரு வரியால் பெட்டியில் தந்த வாரண்டி அழிந்துவிடாது. கடை, நிறுவனம் இரண்டுக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். பல நேரம் அங்கேயே மாற்று விளக்கு வந்துவிடும்.

வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே செல்லலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கடைக்காரர், நிறுவனம் இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேருங்கள், அப்போதுதான் ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்ப முடியாது. குறை கண்ணுக்குத் தெரியாததென்றால், ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தச் செலவை நீங்கள் முதலில் கட்ட நேரிடலாம். விளக்கின் விலையோடு, மீண்டும் பொருத்தும் கூலியையும் சீலிங் பூச்சுச் செலவையும் கேளுங்கள். அவற்றைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் வாரண்டிக்குள் புகார் சொன்னதற்கு எழுத்துச் சான்று வேண்டும். நோட்டீஸை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.