ஊர் மனிதர்களுக்கு ஓர் இணையப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் ஆறு பேர். எங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த ஆசிரியர்கள், மருத்துவச்சிகள், நூலகம் தொடங்கியவர்கள் என்று நாற்பது பேருடைய வாழ்க்கைக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். இணையத்தில் போட ஆசை, ஆனால் யாருக்கும் நிரல் எழுதத் தெரியாது. விக்கிப்பீடியாவிலேயே எழுதிவிடலாம் என்கிறார் ஒருவர். பெரிய மென்பொருள் ஒன்றை நிறுவலாம் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். விக்கிப்பீடியாவில் ஒருவருக்குக் கட்டுரை நிற்க வேண்டுமென்றால், அவரைப் பற்றி அவரோடு தொடர்பில்லாத நூலோ இதழோ ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்க வேண்டும், அதோடு நீங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டுத் திரட்டியதைச் சொந்த ஆய்வு என்று அங்கே ஏற்க மாட்டார்கள். கலைக்களஞ்சியத்துக்கு அந்த விதி தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினாலும் முகம் சுளிக்காமல் பிரசவம் பார்க்கப் போன அந்த அம்மாவைப் பற்றி எந்த இதழ் எழுதியிருக்கிறது? பிரிட்டனில் 1885 முதல் 1900 வரை 63 தொகுதிகளாக வந்த தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதிகூட, இவர் வேண்டும் இவர் வேண்டாம் என்று பொறுக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. அப்படி விடுபடுகிறவர்களை எழுத உங்களைப் போன்றவர்கள்தான் உண்டு.

பெரிய மென்பொருள் ஏன் வேண்டாம் என்றால், தரவுத்தளத்தை வைத்து ஓடும் தளத்துக்கு ஓயாமல் மேம்படுத்தல் வேலை இருக்கும், ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்து கெடுத்துவிடுவார்கள். உங்களுக்குத் தேவை நாற்பது எச்டிஎம்எல் கோப்புகள், அதாவது உலாவி பக்கமாகத் திறந்து காட்டும் சாதாரண எழுத்துக் கோப்புகள், அவற்றுக்கு ஒரு முகப்பு, அவ்வளவுதான். தலைப்பு, பத்தி, படம், இணைப்பு, பட்டியல் என்று ஐந்து குறிகளைக் கற்றுக்கொண்டால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற படிப்பு. 1991இல் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ முதல் இணையப் பக்கத்தைப் போட்டார், அதன் பழைய பிரதி ஒன்று இன்றும் கைப்பேசியில் திறக்கிறது, ஏனென்றால் அதில் எழுத்தும் இணைப்பும் தவிர வேறொன்றும் இல்லை. தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் நாற்பது பக்கத்திலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்று நினைத்தால் ஜெக்கில், ஹியூகோ போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன, மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் சாதாரணமாக எழுதிக் கொடுத்தால் அவை பக்கங்களாக ஆக்கித் தரும்.

இடமும் அதிகம் பிடிக்காது. ஆளுக்கு மூன்று படம், படத்துக்கு 200 கேபி என்றால் நாற்பது பேருக்கும் சேர்த்து 24 எம்பி. தளங்களை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை இலவசமாகத் தருகிற இடமே 1 ஜிபி.

கேள்வி: ஒருவர் பிறந்த தேதி பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, கல்லறையில் ஒன்று, மகள் சொல்வது இன்னொன்று. எதைப் போடுவது?

பதில்: மூன்றையும் போடுங்கள். எது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே எழுதுங்கள், அப்புறம் நீங்கள் எதை நம்புகிறீர்கள், ஏன் என்று ஒரு வரி. பள்ளிப் பதிவேட்டுத் தேதி பல இடங்களில் சேர்க்கும் வயதுக்குத் தோதாகத் தலைமையாசிரியர் போட்டுக்கொண்டது. கல்லில் வெட்டியது இறந்தபின் யாரோ சொல்லி வெட்டியது. மகள் சொல்வது அம்மாவிடம் கேட்டது. மூன்றுக்கும் மூன்று வகைப் பலம், மூன்று வகைப் பலவீனம், அதை வாசிப்பவர் எடைபோட்டுப் பார்க்கட்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் குழு செய்த தளத்தில் ஒரு பழைய குழுப்படம் இருந்தது, நாற்காலியில் நான்கு பேர், பின்னால் நிற்பவர்கள் ஐந்து பேர். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர்தான் நாங்கள் எழுதுகிற மனிதர் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொன்னார், அப்படியே போட்டுவிட்டோம். ஒரு வருடம் கழித்து அதே படத்தின் இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் கிடைத்தது. அதன் முதுகில் பென்சிலால் ஒன்பது பெயரும் வரிசையாக எழுதியிருந்தது, மூன்றாவது ஆள் அவருடைய தம்பி. அந்த ஒரு வருடத்தில் தம்பியின் முகத்தை அண்ணன் என்று நம்பிப் பலர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துப் போட்டுவிட்டார்கள், நாங்கள் திருத்தியது அவர்களில் பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. "உறவினர் சொன்னது, வேறு சான்று இல்லை" என்று படத்துக்கு அடியில் அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் இவ்வளவு பரவியிருக்காது. அதிலிருந்து படம் என்றால் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்கிறோம், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு சின்னதாக்கிய பிரதியைத்தான் தளத்தில் போடுகிறோம். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரை மங்கலாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாதது பெரிதாக்கினால் தெரியும்.

கேள்வி: பழைய மலர் ஒன்றில் வந்த படத்தை எடுத்துப் போடலாமா?

பதில்: படம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு உரிமை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. பொதுவாக எடுத்தவருக்கு, அல்லது சட்டப்படி அவரிடமிருந்து உரிமை போய்ச் சேர்ந்தவருக்கு. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி எழுத்துக்கு ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டு, புகைப்படத்துக்கு எடுத்ததிலிருந்து குறைந்தது 25 ஆண்டு பாதுகாப்பு உண்டு, ஆனால் பல நாடுகள் இதைவிடக் கூட்டி வைத்திருக்கின்றன, ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டு வாங்க முடிந்தால் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது, ஒரு தாளில் கையெழுத்து. நீங்கள் எழுதும் குறிப்புகளுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைப் போட்டுவிட்டால் மற்றவர்கள் உங்கள் பெயரைச் சொல்லித் தயங்காமல் பயன்படுத்துவார்கள்.

கேள்வி: ஒருவர் கடைசிக் காலத்தில் கடனில் நொடித்துப் போனதைப் போடக்கூடாது என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். அவர் நூலகத்துக்குச் செலவழித்ததால்தான் அந்தக் கடன்.

பதில்: இதற்கு விதி எதுவும் என்னிடம் இல்லை, என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். கடனை விட்டுவிட்டால் அந்த நூலகம் அவருக்கு என்ன விலையில் வந்தது என்பதும் சேர்ந்து போய்விடும், அப்படி எழுதினால் அது அவருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. அதே சமயம் வீட்டார்தான் கடிதங்களையும் படங்களையும் நம்பிக் கொடுத்தவர்கள். உடனே போடாதீர்கள். எழுதியதை அச்செடுத்து எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். "கடனாளி" என்ற சொல்தான் உறுத்துகிறது, நடந்த செய்தி உறுத்தவில்லை என்பது பல வீடுகளில் அப்போதுதான் தெரியவரும். கடன் கொடுத்தவர் பெயர், இன்று உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் முகவரி, தொலைபேசி, இவையெல்லாம் எப்படியும் வேண்டாம்.

கேள்வி: பல வருடத்துக்கு முன் தட்டச்சு செய்த கோப்புகள் இருக்கின்றன, திறந்தால் புரியாத எழுத்தாக வருகிறது.

பதில்: எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துக் குறியீடு இல்லாத பழைய எழுத்துருவில் அடித்தவை. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றியபின் ஒரு முறை முழுக்க வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

கேள்வி: முன்பு ஒரு தன்னார்வலர் எங்களுக்காக நல்ல தளம் ஒன்று செய்து கொடுத்தார். அவர் வேலை மாறிப் போனார், தளமும் போய்விட்டது. மறுபடி அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய?

பதில்: இந்தக் கடிதம் வந்தபோது மனம் கனத்துப்போனது, ஏனென்றால் எங்களுக்கும் இதுதான் நடந்தது. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், அதைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம், குழுவை விட்டுப் போனவரின் பழைய அலுவலக முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. காலாவதியானபின் திரும்ப வாங்கச் சில வாரம் அவகாசம் உண்டு, எங்களுக்குத் தெரியும்போது அதுவும் தாண்டியிருந்தது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போய்விட்டன. பெரிய இடங்களும் மூடப்படும், லட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, அதில் கணிசமானதைக் காப்பாற்றியதும் தன்னார்வலர்கள்தான்.

அதனால் முதலில் குழுவின் பெயரில் தனி மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் மூன்று பேரிடம். டொமைன் வாங்கினால் பொதுவாகப் பத்து ஆண்டு வரை ஒரே தடவையில் பணம் கட்ட முடியும், கையில் இருந்தால் கட்டிவிடுங்கள். ஒரு பக்கத்தின் முகவரியை ஒரு தடவை வைத்துவிட்டால் மாற்றாதீர்கள், பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இதை வற்புறுத்தி எழுதினார், நாம்தான் தளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறோம். கோப்பின் பெயரை ரோமன் எழுத்தில் ஆளின் பெயரும் பிறந்த ஆண்டுமாக வையுங்கள், தமிழில் வைத்தால் முகவரியை எங்காவது ஒட்டும்போது சதவீதக் குறிகளாக நீண்டுவிடும்.

புதுப் பக்கம் போட்ட அன்றே, இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள், ஒரு நிமிட வேலை. வருடத்துக்கு ஒரு முறை நாற்பது பக்கத்தையும் அச்செடுத்துக் கட்டு கட்டி நூலகத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று கொடுங்கள்.

அப்புறம், போய்விட்டது என்று சொன்னீர்களே அந்தப் பழைய தளம், அதன் முகவரி யாருக்காவது நினைவிருக்கிறதா? பழைய அழைப்பிதழிலோ மின்னஞ்சலிலோ தேடிப் பாருங்கள். கிடைத்தால் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். எங்கள் 27 பக்கங்களில் 19ஐ அப்படித்தான் திரும்ப எடுத்தோம், படங்கள் பல வரவில்லை, எழுத்து முழுசாக இருந்தது.