வாசகர் கேள்வி: மணக்கிற ரோசா

கேள்வி: திருகோணமலைக் கடக்கரை உப்புவெளியில சின்ன வளவு, மதிலோட ஆறடி இடம்தான் இருக்கு. நுவரெலியாவில வாங்கின ஒட்டு ரோசா ரெண்டு பூ பூத்திட்டுச் செத்துப்போச்சு, அதில மணமும் இல்ல. அம்மம்மா வீட்டில நிண்ட மாதிரி மணக்கிற ரோசா இங்க வருமா?

பதில்: வரும் தங்கச்சி. அம்மம்மா வச்சிருந்தது அநேகமா பன்னீர் ரோசாவா இருக்கும், அதத் தேடுங்கோ. மலைநாட்டுக் கண்டு கேக்கிற குளிர் எங்கட ஊரில ஏது, ஆனா பன்னீர் ரோசா வெக்கையத் தாங்கும். இதுக்குச் சொந்தக்கார இனமான பூர்பன் ரோசா எண்ட பழைய ரோசாவே இந்து சமுத்திரத்தில இருக்கிற ரியூனியன் தீவில 1800களில டமாஸ்க் எண்ட மணக்கிற ரோசாவும் சீன ரோசாவும் கலந்து வந்ததுதான், அதனால கடக்கரை எண்டு பயப்படாதேங்கோ.

பயப்பட வேண்டியது உப்புத் தண்ணிக்கு. இலை ஓரம் கருகினா கிணத்தத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவன், மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்கோ. வெறும் மணலில நடாம பெரிய சாடியில செம்மண், மக்கின மாட்டெரு, கொஞ்சம் தும்புத்தூள் கலந்து, காலமை வெயில் விழுற பக்கம் வையுங்கோ. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மதில் மறைப்பு நல்லம்.

காசு குடுத்து வாங்கவும் தேவையில்ல, ஐப்பசி கார்த்திகை மழையோட பென்சில் மொத்தத்தில ஒரு சாண் தடி வெட்டி நிழலில ஊண்டினா வேர் விடும், ஆருட்டயாவது கேட்டுப் பாருங்கோ, பூசைக்கெண்டு வளக்கிற வீடுகள் இருக்கும். பூவ வெயில் ஏற முன்னம் ஆயுங்கோ, பத்து மணிக்குப் பிறகு மணம் பாதிதான்.