லிட்டில் ரிச்சர்ட் ஏன் மேக்கப் போட்டு மேடை ஏறினாரு?

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் மேக்கப் போட்டது வெறும் ஸ்டைலுக்கானு கேட்டிருக்கீங்க, அப்படி மட்டும் சொல்லிட முடியாதுங்க. 1950கள்ல அமெரிக்காவுல, அதுவும் தெற்குல, ஒரு கறுப்பின ஆம்பள மேடையில ஆடுறத வெள்ளைக்காரப் பொண்ணுங்க ரசிச்சாலே அவரு உயிருக்கே ஆபத்து, அதனால கண்ணுல மை, முகத்துல பவுடர்னு வந்தா தன்னை யாரும் மிரட்டலா பாக்க மாட்டாங்கனு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. ஆனா அது வேஷம் மட்டும் இல்ல, ஃபேமஸ் ஆகுறதுக்கு முன்னாடியே பொண்ணு டிரஸ்ல மேடை ஏறினவரு, தன்னை ஒரு 'கே' (தன்பால் ஈர்ப்பாளர்)னும் சொன்னவரு, அப்புறம் மதத்துப் பக்கம் போய் அதையே தப்புன்னும் பேசினாரு, அந்தப் போராட்டத்தை நெனச்சா எனக்கு மனசு கனக்குது. இன்னொன்னு, 1955ல வந்த அவரோட 'டுட்டி ஃப்ரூட்டி' பாட்டை பேட் பூன்ங்குற வெள்ளைக்காரப் பாடகர் அடக்க ஒடுக்கமா பாடினாரு, பாப் சார்ட்ல (ஹிட் பாட்டுங்க வரிசையில) ரிச்சர்டோடத விட அதுதான் மேல போச்சு! நியாயமே இல்ல.