சீனக் கையெழுத்துக் கலைக் காட்சிகளில் கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாகத் தெரிகிறதே, அது வெள்ளை மையா, அச்சா? வீட்டில் செய்ய முடியுமா?

இரண்டும் இல்லை. அது கல்வெட்டிலிருந்து எடுத்த மைப்படி: கல்லில் தாளை ஒட்டி, அதன்மேல் மை தட்டி எடுப்பது. எழுத்துப் பள்ளத்தில் மை படாததால் அது வெள்ளையாக நிற்கும். நம் கல்வெட்டுத் துறையினர் கோயில் சுவர்களில் எடுப்பதும் ஏறக்குறைய இதே முறைதான். தயவுசெய்து அச்சு என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சில் மை கட்டையின்மேல் படும்; எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். படியில் மை தாளின் மேற்புறத்தில் மட்டும் படுவதால் எழுத்து நேராகவே வரும்.

கல்லைத் தூசியும் பாசியும் போகத் துடைத்து, சுவான் என்ற மெல்லிய சீனத் தாளை ஈரமாக்கி ஒட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் பாய்ஜி என்ற ஆர்க்கிட் கிழங்கின் பசைநீர் கொஞ்சம் கலப்பார்கள், தாள் கல்லை விட்டு எழும்பாமல் இருக்க. நார்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றி, மேலே கம்பளித் துண்டு வைத்துத் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது அடுத்த கட்டத்தில்தான். தாளின் ஈரப் பளபளப்பு போய் வெளுக்க வேண்டும், ஆனால் தொட்டால் இன்னும் குளிர வேண்டும். அப்போதுதான் மை. முந்தினால் மை ஊறிப் பள்ளத்துக்குள் பரவும், கல்லிலும் கறை ஏறும். பிந்தினால் தாள் விட்டுக்கொண்டு நகரும், எழுத்து இரட்டையாகும். பஞ்சைப் பட்டுத்துணியில் கட்டிய பந்து இரண்டு வேண்டும். ஒன்றில் மை ஏற்றி, மற்றதில் ஒற்றிச் சமப்படுத்திய பிறகே தாளைத் தொட வேண்டும். தேய்க்கக் கூடாது, தட்ட வேண்டும். அதுவும் மெல்லிய பூச்சாகப் பல சுற்று. சாம்பல் நிறத்தில் நிறுத்தினால் அதற்குச் 'சில்வண்டுச் சிறகு' என்று பெயர், அடர்ந்து மின்னினால் 'கருந்தங்கம்'.

வீட்டில் பழக, புதிதாகச் செதுக்கிய கல் போதும். பழைய கல்லில் கை வைக்காதீர்கள்.

"நகல்தானே" என்று சொல்ல வருபவர்களுக்கு: கி.பி. 165-இல் வெட்டிய ஹுவாஷான் கோயில் கல்வெட்டு 1556 நிலநடுக்கத்தில் அழிந்தது. அதற்குமுன் எடுத்த படிகளில்தான் அந்த எழுத்து இன்று உயிரோடு இருக்கிறது. தற்காலக் கலைஞர் ஷூ பிங் 1990-இல் சீனப் பெருஞ்சுவரின் ஒரு பகுதியையே இப்படிப் படி எடுத்தார்.

கேட்காததுதான், ஆனாலும் சொல்கிறேன். 1911-இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் 1409 கல்வெட்டில் மூன்று மொழிகள் உண்டு. சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு அளித்த காணிக்கையைச் சொல்கிறது. தமிழை மட்டும் வெட்டிப் படம் போட்டுப் பகிர்கிறார்கள். மூன்றும் ஒரே கல்லில் இருப்பதுதானே அதன் பெருமை? முழுக் கல்லையும் போடுங்கள்.