பசையைக் கேவலமா பேசாதீங்க!

கேள்வி: எர்ணாகுளத்துல ஒரு மியூசியத்துல கொலாஜ் கண்காட்சி பார்த்தேன். பழைய வாரப்பத்திரிகைய வெட்டி, பசை தடவி ஒட்டி, அரை இருட்டுல மாட்டி வச்சிருக்காங்க. இதுக்கெல்லாம் எதுக்குங்க டிக்கெட்?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: டிக்கெட்ட விடுங்க, 'பசை தடவி'ன்னு அவ்வளவு இளக்காரமா எழுதிட்டீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல. உங்க ஊர்ப்பக்கம் வேலந்தாவளம் ரோட்டுல ராத்திரி போஸ்டர் ஒட்டறவங்கள நின்னு பார்த்திருக்கீங்களா? மைதாவ கட்டியில்லாம கரைச்சு, காய்ச்சி, பூஞ்சை பிடிக்காம இருக்க கொஞ்சம் மயில்துத்தம் போட்டு, சுவத்துல ஒரு இழுப்பு, போஸ்டர வச்சு அதுக்கு மேல இன்னொரு இழுப்பு. தமிழ்ப்படத்து மேல மலையாளப்படம், அதுக்கு மேல வேலை நோட்டீஸ், மாரியம்மன் பொங்கல் நோட்டீஸ், எல்லாம் அட்டை கனத்துக்கு ஏறி நிக்கும். மழையில ஒரு மூலை உரிஞ்சா அடியில இருந்து யாரோ ஒரு ஹீரோவோட ஒத்தக் கண்ணு மட்டும் தெரியும். பாரீஸ்ல 1949லயே ழாக் வில்லெக்லேன்னு ஒருத்தர் கூட்டாளியோட சேர்ந்து இப்படிக் கிழிஞ்ச போஸ்டர்கள சுவத்துல இருந்து உரிச்சுட்டு வந்து படமா ஆக்கினார். அதெல்லாம் இப்ப பெரிய பெரிய மியூசியத்துல இருக்கு.

அரை இருட்டுக்கும் காரணம் இருக்குங்க. பத்திரிகைக் காகிதம் மரக்கூழ்ல செய்யறது, அதுல லிக்னின்னு மரத்துல இருக்கற ஒரு பொருள் இருக்கு, வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா மஞ்சளாகி நொறுங்கிடும். அதனாலதான் காகித வேலைக்கு 50 லக்ஸ்க்கு (லக்ஸ்ங்கறது வெளிச்சத்த அளக்கற அலகு) மேல லைட் விழாம பார்த்துக்கறாங்க. கண்ணு பழகறவரைக்கும் கொஞ்சம் நில்லுங்க, அப்புறம் கிட்டப்போய் வெட்டின ஓரத்தைப் பாருங்க: எங்க கத்தரி நேரா போயிருக்கு, எங்க கையால கிழிச்சிருக்கு, எந்த முகத்துல வேணும்னே கண்ண விட்டுட்டு வெட்டியிருக்காங்கன்னு. நம்ம கேரளத்துக்காரர் சி.கே.ராஜன் 1990கள்ல, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நம்ம சந்தைய திறந்துவிட்ட காலத்துல, பத்திரிகைப் படங்கள வெட்டி ஒட்டியே அந்தக் காலத்தோட பயத்தக் காட்டினார், 2007ல ஜெர்மனியில நடக்கற டாக்குமென்டாங்கற பெரிய கலைக் கண்காட்சி வரைக்கும் அவர் வேலை போச்சு. எல்லாம் சின்னச் சின்னத் துண்டுக் காகிதம்தான்.

பசைன்னு வந்துட்டதால செல்லோடேப் ஆசாமிகளுக்கும் மறுபடி சொல்லிடறேன், இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பழைய புஸ்தகம், தாத்தா போட்டோ எதுலயும் அத ஒட்டாதீங்க, கொஞ்ச வருஷத்துல பிளாஸ்டிக் கழண்டு விழுந்துடும், பழுப்புக் கறை மட்டும் காகிதத்துக்குள்ள இறங்கி நிக்கும். பாதுகாக்கற வேலை தெரிஞ்சவங்க கோதுமை ஸ்டார்ச்சுல காய்ச்சின பசையத்தான் எடுப்பாங்க, நாளைக்கு வேணும்னா தண்ணி காட்டிப் பிரிச்சுடலாம்.

சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துப் பழைய வீடுகள்ல லட்சுமி, சரஸ்வதின்னு ரவிவர்மா அச்சுப்படத்துக்கு ஜரிகையும் துணியும் வெட்டி ஒட்டி புடவை கட்டிவிட்டது இருந்தா அதுவும் கொலாஜ்தாங்க, நம்ம பாட்டிமார் பண்ணினது. பரண்ல கிடந்தா தூக்கிப் போடாதீங்க, வெயில் படாத சுவத்துல மாட்டுங்க, ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல ஒரு பக்கம் ஒதுக்கறேன்.