எட்டு அவுட் தூரம்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக சியாட்டில் பக்கம் வந்து குடியேறியவன் நான். 2022இல் அலுவலக நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று இந்த ஊர் பேஸ்பால் அணியான மரைனர்ஸின் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போய், அப்படியே ஒட்டிக்கொண்டேன். 2025 அக்டோபர் 20 அன்று டொராண்டோவில் எதிரணியின் ஸ்பிரிங்கர் அடித்த ஹோம்ரனுக்குப் பிறகு எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. 3-1 என்று முன்னால் இருந்த அணி 4-3 என்று தோற்றது. பந்துவீச்சாளர் முன்யோஸைக் கொண்டுவராமல் இன்னொரு பந்துவீச்சாளர் பசார்டோவிடம் பந்தைக் கொடுத்த மேனேஜர் டான் வில்சனை இன்னமும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஊரிலிருந்து அம்மா, "அவனுங்க கோடி கோடியா வாங்குறானுங்க, உனக்கென்னடா வந்துச்சு" என்கிறார். 2023இல் அகமதாபாத்தில் இந்தியா தோற்றபோதுகூட இரண்டு நாளில் தெளிந்துவிட்டேன். இது மட்டும் ஏன் இப்படி? புது சீசனைப் பார்க்காமலே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் கேள்வியை விட்டுவிடுங்கள். அந்த வாதத்தில் எந்த மகனும் ஜெயித்ததில்லை.

பேஸ்பால் பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மேஜர் லீக்கில் 30 அணிகள், இரண்டு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக மிஞ்சும் அணி வேர்ல்ட் சீரிஸ் ஆடப் போகும். 1977இல் ஆட ஆரம்பித்த சியாட்டில் மரைனர்ஸ் அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. 30 அணிகளில் இந்தக் கொடுப்பினை இல்லாதது இது ஒன்றுதான். எஸ். சொல்வது, அங்கே போவதற்காக டொராண்டோவோடு ஆடிய ஏழு ஆட்டத் தொடர் 3-3 என்று நின்றபோது நடந்த கடைசி ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட். நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பந்தைக் கூட்டத்துக்குள் தூக்கி அடித்தால் ஹோம்ரன், அடித்தவரும் பேஸில் நிற்பவர்களும் எல்லோரும் ரன் எடுப்பார்கள்.

இனி ஏழாவது இன்னிங்ஸ். சியாட்டில் பந்துவீச்சாளர் பிரையன் வூ இரண்டு இன்னிங்ஸ் ஒழுங்காக வீசிவிட்டுத் தன் மூன்றாவதைத் தொடங்குகிறார். எதிரே டொராண்டோவின் பின்வரிசை ஆட்கள். முதல் ஆள் பார்ஜருக்கு நான்கு பந்துகளை வெளியே வீசி, சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டார். என்னைக் கேட்டால் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்து கைனர்-ஃபலேஃபாவின் சிங்கிள், அதாவது முதல் பேஸ் வரை ஓடவைக்கும் அடி. அதற்கடுத்து ஹிமெனெஸ் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட்டாகி, இருவரையும் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நகர்த்துகிறார். வில்சன் எழுந்து வருகிறார், வூவின் கையிலிருந்து பந்து பசார்டோவின் கைக்குப் போகிறது. ஐந்தாவது ஆட்டத்தில் இதே வூவின் பந்து முழங்காலில் பட்டு வெளியேறிய ஸ்பிரிங்கர்தான் அடுத்த பேட்டர். வேர்ல்ட் சீரிஸுக்கு இன்னும் எட்டே அவுட். பந்து இடது பக்கக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. மூன்று ரன்.

வில்சனின் கணக்கு புரியாதது அல்ல. பசார்டோ வீசும் 'சிங்கர்' வகைப் பந்து கடைசி நேரத்தில் கீழே இறங்கும். பேட்டில் பட்டால் தரையோடு உருளும். ஒரு ரன் போனாலும் ஒரு அவுட் கிடைக்கும், முன்னிலை கையில் இருக்கும். ஆட்டத்தை முடித்துவைக்கும் க்ளோசர் என்பதால் முன்யோஸைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பேட்டில் பந்தே படாமல் அவுட் எடுக்கக்கூடிய ஆள் தேவைப்பட்ட நேரம் அது, அந்த ஆள் முன்யோஸ். ஒன்பதாவது இன்னிங்ஸின் ஆபத்து ஏழாவதிலேயே வந்து நின்றபிறகு ஒன்பதாவதுக்கென்று ஒருவரைப் பத்திரப்படுத்துவதில் என்ன லாபம்? முதல் பேஸ் காலிதானே, ஸ்பிரிங்கரை வேண்டுமென்றே நடக்கவிட்டிருக்கலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் மூன்று பேஸும் நிறைந்துவிடும், ஒருவர் விட்டு அடுத்தவர் விளாடிமிர் கெரேரோ ஜூனியர். அந்த அக்டோபரில் கெரேரோவுக்கு அப்படி ஒரு வாய்ப்பை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் கோபம் தப்பான விலாசத்துக்குப் போயிருக்கிறது என்றே நினைக்கிறேன். டொராண்டோவில் முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு ஊர் திரும்பிய அணி, சொந்த மைதானத்தில் 13-4, 8-2 என்று உதை வாங்கியது. ஐந்தாவது ஆட்டத்தில் சியாட்டிலின் சுவாரெஸ் அடித்த கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது அடித்த ஹோம்ரன், அதையெல்லாம் மறக்கவைத்துவிட்டது. ஆறாவது ஆட்டத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று இன்னிங்ஸ் ஒரே அடியில் இரண்டு அவுட் கொடுத்து முடிந்தன, ஃபீல்டிங்கில் மூன்று தவறுகள் வேறு. அன்றைக்கு ஒழுங்காக ஆடியிருந்தால் ஏழாவது ஆட்டமே கிடையாது. அந்த ஏழாவதிலும் கால் ராலி (Cal Raleigh) ஐந்தாவது இன்னிங்ஸில் ஹோம்ரன் அடித்த பிறகு சியாட்டில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. இதற்கெல்லாம் ஒரு முகம் கிடையாது. அதனால் எல்லாப் பழியும் பசார்டோ தலையில் விடிந்தது. பாவம், முந்தைய சுற்றில் டெட்ராய்ட்டுக்கு எதிராக 15 இன்னிங்ஸ் இழுத்த ஆட்டத்தில் அவரும் தோள் கொடுத்திருந்தார்.

அகமதாபாத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஆறு வாரத் திருவிழா. இந்தியா பத்து ஆட்டம் வரிசையாக ஜெயித்தது, பதினொன்றில் தோற்றது, முடிந்தது. பேஸ்பால் அப்படியில்லை. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டம், அநேகமாகத் தினமும். பாத்திரம் தேய்க்கும்போது, ட்ராஃபிக்கில் நிற்கும்போது, தூக்கம் வராமல் புரளும்போது எல்லாம் அவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ராலியின் 60 ஹோம்ரன்களும் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றாக உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவை. ராலி கேட்சர், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர். இதற்கு முன் எந்த கேட்சரும் ஒரு சீசனில் 50ஐத் தொட்டதில்லை. அப்படி ஆறேழு மாதம் கூடவே இருந்தது ஒரு திங்கட்கிழமை ராத்திரியோடு நின்றுபோனால் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும். ஆட்டம் தோற்ற துக்கத்தில் பாதி, ஆட்டமே இல்லாமல் போன துக்கம்.

அப்புறம், அந்த சீசனில் மரைனர்ஸ் 90 ஜெயித்து 72 தோற்றது. சீசன் முடிந்து நடக்கும் இறுதிச் சுற்றுகளான பிளே-ஆஃப் வருவதற்கு முன்பே 72 தோல்விகளை நீங்கள் தாங்கியிருக்கிறீர்கள். இந்த ஆட்டத்தில் நல்ல அணி என்றால் பத்துக்கு ஆறு ஜெயிக்கும், அவ்வளவுதான். ஏழு ஆட்டத்தில் எந்த ஆறு எங்கே வந்து விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் அணியின் பழைய கதையே இதற்குச் சாட்சி. ஜப்பானிய நட்சத்திரம் இச்சிரோ அமெரிக்காவுக்கு ஆட வந்த 2001இல் மரைனர்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தது. 1906 சிகாகோ கப்ஸோடு சேர்த்து, ஒரு சீசனில் அதற்கு மேல் ஜெயித்த அணி இல்லை. என்ன ஆயிற்று? பிளே-ஆஃபில் நியூயார்க் யாங்கீஸிடம் தொடரை 4-1 என்று தோற்று வெளியேறியது. அந்த கப்ஸும் வேர்ல்ட் சீரிஸில் தோற்ற அணிதான். 2001க்குப் பிறகு சியாட்டில் பிளே-ஆஃப் பக்கம் எட்டிப்பார்க்கவே 21 வருஷம் ஆனது. அந்த 2001 அணியின் கேட்சர்களில் ஒருவர் டான் வில்சன். எட்டு அவுட் தூரத்தில் நழுவியது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

டொராண்டோவை நீங்கள் வெறுக்கிறீர்களா என்று எழுதவில்லை. வெறுத்தால் இதையும் கேளுங்கள். 2022 பிளே-ஆஃபில் அதே டொராண்டோ மைதானத்தில், ராஜர்ஸ் சென்டரில், டொராண்டோ 8-1 என்று முன்னால் இருந்தது. அதை 10-9 என்று புரட்டிப்போட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பியது சியாட்டில். நீங்கள் ஒட்டிக்கொண்ட வருஷம்! அன்று அந்த ஊர்க்காரர்கள் எப்படி எழுந்து போனார்கள் என்று நினைத்துப் பார்த்திருப்பீர்களா?

2025லும் கதை அங்கே முடியவில்லை. அக்டோபர் 20 அன்று கடைசி அவுட்டாக சியாட்டிலின் ஹூலியோ ரோட்ரிகெஸை வீழ்த்தியவர் டொராண்டோவின் ஜெஃப் ஹாஃப்மன். பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 1, அதே மைதானம், வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக 4-3 என்று முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு அவுட் ஆகிவிட்டது, வீசுவது அதே ஹாஃப்மன். பெரிய ஹோம்ரன் ஆள் என்று யாரும் சொல்லாத மிகெல் ரோஹாஸ் தூக்கி அடித்தார். ஆட்டம் சமன். பதினொன்றாவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் இன்னொன்று அடித்தார், டொராண்டோ 5-4 என்று தோற்றது. நீங்கள் எட்டு அவுட் தூரத்தில் நின்றீர்கள். அவர்கள் கோப்பைக்கு இரண்டே அவுட் தூரத்தில் நின்றார்கள். இதைச் சொன்னால் உங்கள் வலி குறையும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் அற்பமான ஒரு சந்தோஷம் வேண்டுமானால் வரும், வரட்டும், தப்பில்லை.

பார்க்காமல் இருந்துவிடலாமா என்றால், சரி, இருந்து பாருங்கள். ஏப்ரல் நடுவில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை போனை எடுத்து ஸ்கோர் பார்ப்பீர்கள் என்று பந்தயம் கட்டத் தயார். மரைனர்ஸின் ஜாஷ் நெய்லர் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார், டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் பிறந்தவர் என்பதால் அங்கே போய் ஆடும்போது அவருக்குத் தனி உற்சாகம். டெட்ராய்ட்டை வீழ்த்திய அந்தப் பதினைந்தாவது இன்னிங்ஸ் அடியை அடித்த போலாங்கோ மட்டும் நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு யார் என்பதுதான் இப்போதைக்கு என் கவலை. உங்களுக்கு யார் பெயராவது தோன்றினால் எழுதுங்கள்.